பயிற்றுநரைப் பயிற்றுவிக்கும் பணி: அண்டை நாடுகளும் நம் பிள்ளைகளும்

கிள்ளான் நகருக்கு வடக்கே உள்ள மேரு வட்டாரத்தில், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், தோட்டப்புறக் குடும்பங்களுடன் அளவளாவும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தொழிற்பயிற்சி பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ஷா ஆலமிலுள்ள பயிற்றுநர் நிலையத்திற்கு அண்டை நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து பயின்று செல்வதைப் பெருமையோடு எடுத்துக் கூறினேன். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர்.

"ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அயல்நாட்டாருக்கு நாம் எதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? என் பேரன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறானே, அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவர் கேட்டதில் தவறில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு, மாணவன் கேட்கும் நேரான வினாவே நல்ல பாடத்தின் தொடக்கம் என்பது தெரியும். அன்று நேரம் போதாமையால் அரைகுறையாகவே விடை கூறினேன். முழு விடையை இக்கட்டுரையில் தர முயல்கிறேன். அவர் கேட்டவை இரண்டு வினாக்கள்: அண்டை நாட்டுக்கு ஏன் உதவ வேண்டும் என்பது ஒன்று, நம் பிள்ளைக்கு வழி என்ன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

நம் மரமே கூறும் பாடம்

நம்முடைய பிழைப்புக்கு ஆதாரமான இரப்பர் மரம் இம்மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து 1876ஆம் ஆண்டில் அதன் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாரில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, ஆனால், அதனைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறை அப்போது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர் 1890களில் பலமுறை சோதித்துப் பார்த்து, பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அம்முறை தெரிந்த பின்னரே தோட்டங்கள் பெருகின. மரம் இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கையாளும் அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

அதன்பின் 1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. மேருவுக்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் அதன் சோதனை நிலையம் பல்லாண்டுகள் இயங்கியது. அக்கழகம் உருவாக்கிய ஒட்டுவகைகளுள் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்பது நம்மில் பலர் கையால் வெட்டிய மரமாகும். அதன் பெற்றோர் இருவர். ஒன்று 'ஜிர் 1'. அது ஜாவாத் தீவிலிருந்து வந்தது. மற்றொன்று 'பி.பி. 86', அது சிலாங்கூரிலிருந்த பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. அண்டை நாட்டு மரமும் நம் நாட்டு மரமும் இணைந்து பிறந்த அந்த வகை பின்னர்த் தாய்லாந்துக்குச் சென்று, அந்நாட்டில் மிகப் பரவலாக நடப்படும் வகையாயிற்று. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து இயற்கை இரப்பர் உற்பத்தியில் நம்மை முந்தியது.

"பார்த்தீர்களா, கொடுத்ததால் வந்த வினை!" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதற்கு முன் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஜாவா கொடுக்காமலிருந்தால் அந்த வகையே நமக்குக் கிடைத்திராது. தாய்லாந்து முந்தியதற்கு அந்த மரம் மட்டும் காரணமன்று. நம் நாடு தொழிற்சாலைகளின் பக்கமும் செம்பனையின் பக்கமும் திரும்பியதும் ஒரு பெரும் காரணமாகும். ஆகவே, அறிவைக் கொடுத்ததால் நாம் இழந்ததைவிட, மாறிவரும் காலத்திற்கேற்ற புதிய அறிவைத் தோட்டப்புறம் உரிய நேரத்தில் பெறாததால் இழந்ததே மிகுதி.

பயிற்றுநருக்குப் பயிற்சி எதற்கு?

தொழிற்பயிற்சியை நவீனப்படுத்துதல் என்றவுடன் புதிய இயந்திரங்களை வாங்கி அடுக்குவதே என்று பலரும் நினைப்பர். இயந்திரம் அதில் ஒரு பகுதியே. ஒரு பயிற்சி நிலையம் செம்மையாக இயங்க ஐந்து கூறுகள் வேண்டும். முதலாவது, தொழிலும் கற்பிக்கும் முறையும் ஒருங்கே தெரிந்த பயிற்றுநர். இரண்டாவது, தொழிற்சாலையில் இன்று வழக்கிலுள்ள கருவிகள். மூன்றாவது, ஒவ்வொரு தொழிலாளியும் எதனைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கும் தேசியத் தரம். நான்காவது, எந்த முதலாளியும் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ். ஐந்தாவது, பயிற்சி நிலையத்திற்கும் தொழிற்சாலைக்கும் இடையே அறுபடாத தொடர்பு.

இவ்வைந்தனுள் பயிற்றுநரே முதன்மையானவர். இதனைத் தோட்டத்து அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். புதிதாக வெட்டப் பழகும் ஒருவர் கத்தியை ஆழமாகச் செலுத்திவிட்டால் மரத்தில் காயம் படும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அடுத்த சுற்றில் அந்தப் பக்கத்தை வெட்ட இயலாது. இது ஒரு மரத்தின் கேடு. ஆனால், வெட்டப் பழக்குகிறவரே தவறான ஆழத்தையும் தவறான சாய்வையும் கற்றுக்கொடுத்தால், அவரிடம் பழகிய அத்தனை பேரும் அதே தவற்றை நிரை நிரையாகச் செய்வார்கள். மாணவனின் தவறு ஒரு மரத்தோடு நிற்கும். ஆசிரியரின் தவறு ஒரு தலைமுறைக்கே பரவும்.

இதன் மறுபுறமும் உண்மையே. ஒரு நல்ல பயிற்றுநரை உருவாக்கினால், ஆண்டுதோறும் அவர் இருபது முப்பது இளைஞர்களை உருவாக்குவார். அவர் இருபது ஆண்டுகள் பணிபுரிந்தால் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களில் அடுப்பு எரியும். நாற்றங்காலில் வளர்த்த ஒரு நல்ல தாய்மரத்தின் மொட்டுகளைக் கொண்டு பல தோட்டங்களுக்கு ஒட்டுக்கன்றுகள் தருவதைப் போன்றது இது. அயல்நாட்டு உதவிகளுள் பயிற்றுநர் பயிற்சிக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவே காரணம்.

பயிற்றுநர் இல்லாத இடத்தில் இயந்திரம் மட்டும் வந்தால் நேர்வதையும் கூறிவிட வேண்டும். உலகின் பல நாடுகளில், உதவியாக வந்த கடைசல் இயந்திரங்கள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்ததுண்டு. ஓர் உறுப்பு உடைந்தால் மாற்று உறுப்பு வாங்கப் பணமிருக்காது. கையேடு அயல்மொழியில் இருக்கும். இயக்கத் தெரிந்த ஒருவரும் கூடுதல் சம்பளத்துக்குத் தனியார் தொழிற்சாலைக்குப் போயிருப்பார். அவ்வாறான உதவி வெறும் இரும்பை இறக்குமதி செய்ததாகவே முடியும்.

ஷா ஆலமில் அமைந்த நாற்றங்கால்

நம் நாட்டில் தொழிற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. கோலாலம்பூரில் 1926ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1964இல் கோலாலம்பூரில் முதலாவது தொழில்துறைப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. 1971இல் கைவினைஞருக்குத் தேசிய அளவில் தேர்வும் சான்றிதழும் வழங்கும் வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால், 1970களில் சுங்கைவே, ஷா ஆலம், பிறை ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகிய வேகத்திற்குப் பயிற்றுநர் தொகை ஈடுகொடுக்கவில்லை. பட்டறையில் கைதேர்ந்த பலருக்கு வகுப்பில் கற்பிக்கத் தெரியவில்லை. கற்பிக்கத் தெரிந்தவர்களுக்குப் புதிய இயந்திரம் தெரியவில்லை.

இந்நிலையில் ஜப்பானின் உதவி வந்தது. ஜப்பானியப் பிரதமர் புக்குடா 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மணிலாவில் உரையாற்றியபோது, தென்கிழக்காசிய நாடுகளுடன் உள்ளத்தோடு உள்ளம் கலந்த நட்பை வளர்ப்பது தம் நாட்டின் கொள்கை என்று அறிவித்தார். அடுத்து வந்த பிரதமர்களுள் ஒருவரான சுசுக்கி, 1981ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆசியான் நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோது, மனிதவள மேம்பாட்டிற்காகப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் உதவித் திட்டமொன்றை முன்வைத்தார். அன்று ஆசியானில் இருந்த ஐந்து நாடுகளிலும் ஒவ்வொரு நிலையம் அமைக்க அத்திட்டம் வழிசெய்தது.

அந்நிலையங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை. ஒவ்வொரு நாடும் தன் தேவையைத் தானே தேர்ந்துகொண்டது. தாய்லாந்து ஆரம்ப சுகாதாரப் பணியாளர் பயிற்சியைத் தேர்ந்தது. சிங்கப்பூர் உற்பத்தித்திறன் மேம்பாட்டைத் தேர்ந்தது. பிலிப்பீன்ஸ் மனிதவளப் பயிற்சி நிலையமொன்றை அமைத்தது. இந்தோனேசியா, ஜகார்த்தாவுக்கு அருகிலுள்ள பெக்காசியில் தொழிற்பயிற்றுநர் நிலையத்தை எழுப்பியது. மலேசியா 'சியாஸ்ட்' எனப்படும் பயிற்றுநர் மற்றும் உயர்திறன் பயிற்சி நிலையத்தை 1980களின் முற்பகுதியில் ஷா ஆலமில் நிறுவியது. ஷா ஆலம் நகரமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம் என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பால்மரம் நின்ற மண்ணில் ஆசிரியர்களுக்கான நாற்றங்கால் அமைந்தது.

இவ்வகைத் திட்டத்தில் வேலை நடைபெறும் முறை கவனிக்கத்தக்கது. உதவும் நாடு கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் துணைசெய்து, தன் வல்லுநர்களையும் சில ஆண்டுகளுக்கு அனுப்பிவைக்கிறது. ஒவ்வொரு வல்லுநருக்கும் இணையாக உள்நாட்டவர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். இந்த இணையர் வல்லுநரின் உதவியாளர் அல்லர். அவருடைய இடத்தை நாளை ஏற்க வேண்டியவர். அவர் அயல்நாட்டுக்கும் சென்று பயின்று வருவார். முதலாண்டில் வல்லுநர் கற்பிப்பார், இணையர் பார்ப்பார். அடுத்து இணையர் கற்பிப்பார், வல்லுநர் பார்ப்பார். இறுதியில் வல்லுநர் ஊர் திரும்புவார். நிலையம் தன் காலில் நிற்கும். நல்ல உதவியின் அடையாளம், அது ஒரு நாள் தேவையற்றுப் போவதேயாகும்.

இன்றும் சியாஸ்ட் நிலையம் மனிதவள அமைச்சின் கீழ் இயங்கி வருகிறது. தொழில் தெரிந்தவர்களுக்குக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிப்பது அதன் தலையாய பணி. பாடத்தை எவ்வாறு பகுப்பது, செய்துகாட்டும்போது மாணவன் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், பட்டறையில் விபத்தை எவ்வாறு தவிர்ப்பது, மாணவனின் வேலையை நடுநிலையோடு எவ்வாறு மதிப்பிடுவது என்பனவெல்லாம் அங்கே பாடங்களாகும்.

பிற நாடுகளின் துணை

ஜப்பான் மட்டுமே உதவியது எனக் கருதலாகாது. ஜெர்மனியின் கூட்டுறவால் 1991இல் ஜெர்மன் மலேசியக் கழகம் தோன்றியது. பிரான்சின் துணையோடு 1995இல் பாங்கியில் ஒரு கழகம் ஏற்பட்டது. பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மின்யாக்கில் 1998இல் ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டடம் கட்டாமலேயே வந்த உதவியும் உண்டு. ஜெர்மனியில் இளைஞன் ஒருவன் வாரத்தின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலும் எஞ்சிய பகுதியைப் பள்ளியிலும் கழித்துத் தொழில் கற்கிறான். இம்முறையைத் தழுவி, 2005இல் நம் நாட்டில் தேசிய இரட்டைப் பயிற்சி முறை நடைமுறைக்கு வந்தது.

நாடுகள் கூட்டாக அமைத்த நிலையங்களும் உள. கொழும்புத் திட்ட நாடுகள் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென 1973இல் ஒரு கல்லூரியை உருவாக்கின. முதலில் சிங்கப்பூரில் இயங்கிய அது, 1980களின் பிற்பகுதியில் மணிலாவுக்கு மாறியது. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பு 1990இல் புருணையில் தொழிற்கல்வி மையமொன்றை நிறுவியது.

நம் உறவினர் வாழும் இலங்கையையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அந்நாட்டில் 1959இல் ஜெர்மனியின் துணையோடு ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஏற்பட்டது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிவுற்ற பின், வடக்கே கிளிநொச்சியில் 2016இல் இலங்கை ஜெர்மன் பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் முதலிய துறைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. போரில் வீடும் பள்ளியும் இழந்த பகுதியில் ஒரு பட்டறையின் கதவு திறக்கப்பட்டால், அதன் பொருள் என்னவென்பதை நாம் எளிதில் உணரலாம்.

பெற்ற கை கொடுக்கும் கையாயிற்று

இப்போது பெரியவரின் முதல் வினாவுக்கு வருவோம். மலேசியா 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ந்துவரும் ஒரு நாடு, தன்னைப் போன்ற பிற நாடுகளுக்குத் தான் கற்றதைக் கற்பிக்க முன்வந்த திட்டம் அது. அதன் பயன் 140க்கும் மேற்பட்ட நாடுகளை எட்டியுள்ளது. தொழிற்பயிற்றுநர் பயிற்சியும் அதில் ஒரு பிரிவாகும்.

வியட்நாம் 1995இலும், லாவோசும் மியன்மாரும் 1997இலும், கம்போடியா 1999இலும் ஆசியானில் இணைந்தன. போராலும் தனிமையாலும் பின்தங்கிய இந்நாடுகளின் தொழிற்பள்ளிகளில் பயிற்றுநர் பற்றாக்குறை மிகுந்திருந்தது. 1980களில் நாம் இருந்த இடத்தில் அவர்கள் பின்னர் நின்றார்கள். ஆகவே, ஜப்பானிடம் கற்ற மலேசியர்கள் அவர்களுக்குக் கற்பிக்கும் காலம் வந்தது. சில வகுப்புகளுக்கு ஜப்பானே பொருளுதவி தர, மலேசியர் கற்பிக்க, மூன்றாவது நாட்டவர் பயில்வர். மும்முனை ஒத்துழைப்பு என இதனைக் கூறுவர். 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கோலாலம்பூரில் நடைபெற்ற உச்சநிலை மாநாட்டில் டீமோர் லெஸ்தே ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடாயிற்று. இளைஞர் தொகை மிகுந்த அந்நாட்டுக்கும் இத்தகைய துணை தேவைப்படும்.

இதனால் நம் பிள்ளைகளுக்கு இடம் குறைகிறதா? குறையவில்லை. இங்கே வருவோர் பள்ளி முடித்த மாணவர்கள் அல்லர். தத்தம் நாட்டில் ஏற்கெனவே பணிபுரியும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் ஆவர். அவர்கள் பயில்வது குறுகிய கால வகுப்புகள். பெரியவரின் பேரன் அமர வேண்டிய நாற்காலி வேறு. அவர்கள் அமரும் நாற்காலி வேறு.

நன்மை உண்டா? உண்டு. தோட்டங்களில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் நம்மோடு வேலை செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கடன்பட்டு, குடும்பத்தைப் பிரிந்து, எந்தக் கூலிக்கும் இசைந்து வருபவர்கள். நம் பாட்டனார் கப்பலேறி வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அவர்கள்மீது சினம் கொள்ளத் தோன்றாது. தம் ஊரிலேயே ஒரு பற்றவைப்பாளனாகவோ மின்கருவி பழுதுபார்ப்பவனாகவோ பிழைக்க வழியிருந்தால், அவர்களுள் பலர் இவ்வாறு வந்திருக்கமாட்டார்கள். அண்டை நாட்டில் தேர்ச்சி உயர்ந்தால், மலிவான கூலிக்கு ஆள் தேடும் போக்கு மெல்லக் குறையும். அப்போது நம் உழைப்புக்கும் மதிப்புக் கூடும். இது ஓராண்டில் நிகழும் மாற்றம் அன்று. ஆயினும், செல்லும் திசை சரியானதே.

நம் பிள்ளைக்கு மூன்று வழிகள்

இனி இரண்டாவது வினா. மேருவைச் சுற்றிப் பாருங்கள். நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் செத்தியா ஆலம் நகரம் எழுந்துள்ளது. புக்கிட் ராஜா தோட்ட நிலத்தில் வீடுகளும் தொழிற்கூடங்களும் நிறைந்துள்ளன. தோட்டம் விற்கப்படும்போது வேலையும் போகிறது, வேலையோடு வீடும் போகிறது. அத்தகைய நாளில் ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடியது கையிலுள்ள தொழிலும் அதற்குரிய சான்றிதழும் ஆகும். ஆகவே இது ஏதோ ஒரு படிப்பைப் பற்றிய பேச்சன்று. தலைக்கு மேல் கூரை இருப்பதைப் பற்றிய பேச்சு.

2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறை மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. இதனை எஸ்.கே.எம். என்பர். முதல் மூன்று நிலைகள் சான்றிதழ்; நான்காம் நிலை டிப்ளோமா; ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா. இச்சான்றிதழைப் பெற மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்வது. அரசாங்க நிலையங்களில் கட்டணம் குறைவு. பலவற்றில் தங்கும் விடுதியும் உண்டு. தொடக்க நிலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை வாழ்க்கையில் தோற்றுவிட்டதாக எண்ணும் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி, மேலே கூறிய இரட்டைப் பயிற்சி முறை. இளைஞன் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தன் நேரத்தில் எழுபது முதல் எண்பது விழுக்காடு வரை வேலையிடத்திலும் எஞ்சியதைப் பயிற்சி நிலையத்திலும் கழிக்கிறான். பயிலும் காலத்தில் உதவித்தொகை கிடைப்பதால், வீட்டுக்கு உடனடி வருமானம் தேவைப்படும் குடும்பங்களுக்கு இது ஏற்றது.

மூன்றாம் வழி, அனுபவத்தைச் சான்றிதழாக்குவது. இதனைப் பி.பி.டி. என்பர். தொழிலாளர் பலர் இதனை அறியார். ஒருவரை எனக்குத் தெரியும். தோட்டத்துப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் டிராக்டர் பழுதுபார்த்தவர். தோட்டம் மூடப்பட்டபின் வேலை தேடிச் சென்ற இடமெல்லாம் "சான்றிதழ் எங்கே?" என்றே கேட்டார்கள். பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பிறகு ஒருவர் கூற, பழைய கிராணியாரிடம் வேலைச் சான்று வாங்கினார். தாம் செய்த வேலைகளைப் படமெடுத்துக் கோப்பாகத் தொகுத்தார். மதிப்பீட்டாளர் முன் தம் திறனைக் காட்டினார். இரண்டாம் நிலைச் சான்றிதழ் கைக்கு வந்தது. அவர் புதிதாக எதனையும் கற்கவில்லை. கற்றிருந்ததை நாடு ஏற்றுக்கொண்டது. தோட்டம் மூடப்படுவதற்கு முன்பே இத்தகைய சான்றுகளைக் கேட்டு வாங்கிவைப்பது அறிவுடைமை. அலுவலகம் பூட்டப்பட்ட பின் யாரிடம் கேட்பது?

மூன்று எச்சரிக்கைகளையும் கூறுவது என் கடமை. முதலாவது, தனியார் நிலையமொன்றில் சேருமுன், அந்த நிலையமும் அந்தக் குறிப்பிட்ட பாடமும் ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றவையா என்று விசாரியுங்கள். கட்டடத்தின் அழகையோ விளம்பரத்தையோ நம்பிப் பணம் கட்டாதீர்கள். இரண்டாவது, 2004ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தகுதியுள்ள பயிலுநர்களுக்குக் கடனுதவி அளிக்கிறது. அது கடன், திருப்பிச் செலுத்த வேண்டியது. கையொப்பமிடுமுன் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தமர்ந்து படியுங்கள். மூன்றாவது, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்ப நாள் முடிவடைந்த பின் பத்திரம் தேடி அலைந்த குடும்பங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. விண்ணப்ப அறிவிப்பு ஏதோ ஓர் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, தோட்டத்தை எட்டுவதற்குள் நாள் கடந்துவிடுவதுண்டு. எட்டினாலும் அதனைப் படித்துப் பொருள் கூற ஆளில்லாமற்போவதுண்டு. ஜப்பானிலிருந்து ஷா ஆலமுக்கும், ஷா ஆலமிலிருந்து லாவோசுக்கும் பயணம் செய்த அறிவு, ஷா ஆலமிலிருந்து மேருவுக்குச் சில மைல் வர இயலாமல் நிற்பது வருந்தத்தக்கது. அந்தச் சில மைல் தொலைவைக் கடக்கச் செய்வதே எம் போன்றோரின் வேலை. அதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், ஆலயக் குழுவினரும், தொழிற்சங்கக் கிளைகளும், இளைஞர் மன்றங்களும் கைகொடுக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று

பெண் பிள்ளைகளை மறந்துவிடலாகாது. பற்றவைப்பும் கடைசலும் ஆண்களுக்கே உரியவை என்னும் எண்ணம் மாறிவருகிறது. மின்னணுவியல், உணவுத் தயாரிப்பு, தையல், கணினி, குளிர்சாதனம் எனத் துறைகள் பல உள்ளன. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு மரம் வெட்டத் தெரிந்த தாயின் மகளுக்கு, எந்த இயந்திரமும் கடினமானதன்று.

கூட்டம் முடிந்து சில வாரங்களுக்குப் பின் அந்தப் பெரியவரை மீண்டும் சந்தித்தேன். பேரனும் உடனிருந்தான். மூவரும் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். குளிர்சாதனத் துறையை அவனே தேர்ந்துகொண்டான். விடை இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம். புறப்படும்போது பெரியவர், "இவன் கற்றுக்கொண்டு வந்தால், நாளைக்கு இவனும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பானா, ஐயா?" என்று கேட்டார்.

தம் முதல் வினாவுக்குரிய விடையை அவரே கூறிவிட்டார். கற்றவர் பிறருக்குக் கற்பிப்பதே இத்திட்டங்கள் அனைத்தின் சாரமாகும். தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளை ஒருவன் பயிலுநனாகத் தொடங்கி, பின் பயிற்றுநனாகி, ஒரு நாள் அண்டை நாட்டு ஆசிரியர்களுக்கு ஷா ஆலமில் பாடம் நடத்தும் காலமும் வரலாம். அதற்குரிய முதற்படி ஒரு விண்ணப்பத் தாள். உங்கள் இல்லத்தில் பள்ளி முடித்த பிள்ளை இருப்பின், இந்த மாதமே அப்படியில் கால் வையுங்கள்.